கழுவிக் கொடுத்த ரத்தம்

2023 செப்டம்பர் 20, புதன்கிழமை, காலை ஏழு நாற்பது. இரவெல்லாம் தூறி ஓய்ந்திருந்தது. வானம் மூடியே இருந்தது. மலையின் மேல் பாதி தெரியவில்லை. காற்று இல்லை. திருவண்ணாமலை ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாம் மாடியில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தது இவ்வளவுதான். வராந்தாக் கூரையில் பதினாறு விளக்குகள். இரண்டு எரியவில்லை.

அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதைக் கேட்டபோது என்ன தோன்றியது என்று பிறகு பலர் விசாரித்தார்கள். ஒன்றும் தோன்றவில்லை. டாக்டர் பேசப் பேச அவர் மேசையில் இருந்த பேனாக்களை எண்ணினேன். ஏழு. ஒன்றுக்கு மூடி இல்லை. உலர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். நெல் மூட்டை, மணிலாக்கடலை மூட்டை, எடை, ஈரப்பதம், சாக்கு. எண்ணுவதற்குத்தான் சம்பளம். ஓய்வு பெற்றதும் மூட்டை போய்விட்டது, எண்ணுவது போகவில்லை. “சாமி கும்புடப் போனாலும் தூணை எண்ணினே வராரு” என்பாள் என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓடியாட ஓர் ஆள் வேண்டுமென்றால் அவளுடைய தம்பிதான். இந்தக் கதையில் எனக்கு இருந்த ஒரே பிரச்சினையும் அவர்தான்.

மச்சான் நல்லவர். கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டாலும் வருவார். ஆனால் செய்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் விற்பனைக்கூடத்தில் சாக்கு அடுக்கில் என்னைத் தேள் கொட்டியது. மச்சான் தன் மொபெட்டில் உட்கார வைத்துத் திருவண்ணாமலை வரை கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதை என் எதிரிலேயே நாற்பத்தோரு முறை சொல்லியிருக்கிறார். கல்யாண வீடு, காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் சொன்னார். சொல்லச் சொல்லத் தேள் வளர்ந்தது. முதலில் விரல் நீளம் இருந்தது, கடைசியாகக் கேட்டபோது உள்ளங்கையை விடப் பெரிது. நான் பின்சீட்டில் மயங்கிச் சாய்ந்ததாகவும் தன் துண்டால் என்னை இடுப்போடு கட்டிக்கொண்டதாகவும் சேர்த்துக்கொண்டார். நான் மயங்கவில்லை. வழியில் வந்த பாலங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அறுவை மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து வருகிறவர். “பௌர்ணமிக்கு முன்னாடி முடிச்சுடலாம் சார், அன்னிக்குக் கிரிவலக் கூட்டத்துல என் காரை ஊருக்குள்ள விடமாட்டாங்க” என்று சிரித்துத் தேதி கொடுத்தார். பிறகு சொன்னார்: “ரத்தம் கொஞ்சம் போகும். ரெண்டு யூனிட் தயாரா இருக்கணும். உங்க ஆளுங்க ரெண்டு பேர் பிளட் பேங்க்ல குடுத்துடட்டும்.”

வெளியே பெஞ்சில் இருந்த மச்சானிடம் மனைவி இதைச் சொன்னாள். அவர் எழுந்தே விட்டார்.

“மாமா, உங்களுக்கு என்ன குரூப்பு?”

“பி பாசிட்டிவ்.”

“எனக்கும் அதான்! அக்கா, கேட்டியா? அன்னிக்குப் பத்துப் பொருத்தம் பாத்தாங்களே, இதை எவனாவது பாத்தானா? இனிமே மாமா உடம்புல ஓடறது நம்ம வூட்டு ரத்தம். மாமா யாரையாவது நல்லா நாலு கேள்வி கேட்டாருன்னா அது நாந்தான்னு வெச்சுக்க.”

“உன் ரத்தம் உள்ள போச்சுன்னா அவருக்கும் வாய்தான்டா ஜாஸ்தியாவும். இருக்கற நிம்மதியும் எனக்குப் போயிடும்.”

இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரும் சிரித்தார். நான் கணக்குப் போட்டேன். தேள் விஷம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது, அதற்கே இருபத்திரண்டு வருஷம். ரத்தம் இறங்காது. எனக்கு எழுபத்தைந்து வயதானாலும் எண்பதானாலும், இருமினாலும் எழுந்து நடந்தாலும் அது அவர் கொடுத்ததாக இருக்கும். திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நோயைப் பற்றி வராத கவலை இதைப் பற்றி வந்தது. அடுத்த வாரம் மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

“வெளி ரத்தம் இல்லாம பண்ண முடியாதா டாக்டர்?”

முடியும் என்றார். ஒரு மெஷின் இருக்கிறதாம். ஆபரேஷனில் வெளியே வருகிற ரத்தத்தை உறிஞ்சி, சுழற்றி, உப்புத் தண்ணீரில் கழுவி, சிவப்பு அணுக்களை மட்டும் நம் உடம்பிலேயே திரும்ப ஏற்றிவிடுமாம். இந்த ஊரில் இல்லை. சென்னையிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு, ஓட்டத் தெரிந்த ஆளோடு, காரில் வைத்துக் கொண்டுவருவார்கள்.

“துணி துவைக்கிற மாதிரியா?” என்று மனைவி கேட்டாள்.

“கிட்டத்தட்ட அதேதாம்மா.”

“கறை போவலைன்னா?”

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “சரியான கேள்வி. கட்டி இருக்கற இடத்துல வர்ற ரத்தத்துல அந்த செல் ஒண்ணு ரெண்டு கலந்து வரலாம். அதனால அந்த இடத்துல வேலை பண்ணும்போது மெஷினுக்கு விடமாட்டோம், வேற குழாய்ல வெளியே எடுத்துடுவோம். மத்தது கழுவின பிறகும் ஒரு பில்டர் வழியாத்தான் உள்ள போகும். இப்படிப் பண்ணிக்கிட்டவங்களுக்கு நோய் கூடுதலா திரும்பி வந்ததா எங்களுக்குத் தெரியலை. ஆனா சான்ஸே இல்லைன்னு எழுதிக் குடுக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. பேங்க்ல ரெண்டு யூனிட் எப்படியும் இருக்கணும். அது பத்திரத்துக்கு.”

யோசிக்க ஒன்றுமில்லை, மெஷினையே வைத்துவிடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மனைவி கேட்டாள்.

“ஏங்க, என் தம்பி ரத்தத்த விட அந்த கேன்சர் ரத்தம் ஒசத்தியாப் போச்சா உங்களுக்கு?”

“என் ரத்தம்தானே அது.”

“உங்க ரத்தத்துலதான இப்ப பிரச்சனையே.”

ஆட்டோவில் அவள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். செங்கம் ரோடு வரும்வரை நான் வேகத்தடைகளை எண்ணினேன்.

மச்சான் விடவில்லை. பேங்க்கில் இரண்டு யூனிட் இருக்கவேண்டும் என்றதும் சனிக்கிழமையே ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறை. ஊசி என்றால் அவருக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்திருந்தார் என்று மனைவி சொன்னாள். முழங்கையில் ஒட்டிய பஞ்சை இரண்டு நாள் எடுக்கவில்லை. அந்தக் கையால் எதையும் தூக்கவும் இல்லை. “பாவம்ங்க அவன்” என்றாள். பாவம்தான். அந்தப் பை குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும், அதற்கு வேலை வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் புதன்கிழமை உள்ளே போனேன்.

முப்பத்து நான்கு வருஷ மணிலாத் தூசியில் என் நுரையீரல் சுமார்தான். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தால் போதும் என்று மயக்க மருத்துவர் முடிவு செய்திருந்தார். ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் கால்கள் சூடாயின. பிறகு கனத்தன. பிறகு இல்லை. அவர் ஐஸ் மாதிரி எதையோ வைத்து “ஜில்லுன்னு இருக்கா?” என்று மேலே மேலே கேட்டுக்கொண்டு வந்தார். தொப்புளுக்கு மேலே நான்கு விரல் தாண்டித்தான் ஜில்லென்றது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியை உயர்த்திக் கட்டினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் இருப்பது நான்தான் என்று தெரியும். அதைப் பற்றி ஒரு கருத்தும் எனக்கு இருக்கவில்லை.

இடது பக்கம் தலையைத் திருப்பினால் மெஷின் தெரிந்தது. மளிகைக்கடை எடை மெஷினைவிட நான்கு மடங்கு பெரிது, சக்கரம் வைத்தது, மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதன் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சென்னையிலிருந்து அதைக் கொண்டுவந்தவர். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினாராம்.

“சார் தூங்கலையா?”

“தூக்கம் வரலைம்மா. இந்தக் கிண்ணம் எவ்வளவு பிடிக்கும்?”

“இருநூத்தி இருபத்தஞ்சு மில்லி சார். இது ரொம்பினாத்தான் கழுவும். ரொம்பலைன்னா கழுவாது.”

“எத்தனை கிண்ணம் வரும்?”

“அது உங்க கையிலதான் சார் இருக்கு” என்றார். பிறகு தான் சொன்னது அவருக்கே சங்கடமாகி, “டாக்டர் கையில” என்று மாற்றினார்.

அரை மணி நேரத்தில் குழாயில் சிவப்பு ஓடி வந்தது. முதலில் ஒரு டப்பாவில் சேர்ந்தது. என்னுடையது என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு எங்கும் போய்ச் சேரவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் அறுவை மருத்துவரின் குரல் மட்டும் வரும். “இப்ப மெஷின் குழாய் வேணாம், மத்ததைக் குடுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப மெஷினுக்கு விடலாம்.” என் ரத்தத்தில் இது வேண்டும், இது வேண்டாம் என்று அங்கே ஒருவர் பிரித்துக்கொண்டிருந்தார். மணிலாவில் சொத்தையைப் பொறுக்கித் தள்ளுகிற வேலை மாதிரி.

பத்து மணிக்கு மேல் கிண்ணம் சுற்ற ஆரம்பித்தது. துணி துவைக்கும் மெஷின் கடைசியில் பிழியும்போது வருமே, அந்தச் சத்தம். கழுவிய தண்ணீர் கீழே ஒரு பையில் இறங்கியது. பீட்ரூட் நறுக்கிய கையைக் கழுவிய தண்ணீர் மாதிரி முதலில், பிறகு வெளிறி, பிறகு ஏறக்குறைய வெறும் தண்ணீர். அந்த அம்மாள் அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “சுத்தமாயிடுச்சு சார்” என்றார்.

அப்போது தலைமாட்டில் இருந்த மயக்க மருத்துவர் யாரிடமோ, “பிரஷர் இறங்குது, பேங்க் பிளட்டும் பக்கத்துல இருக்கட்டும்” என்றார்.

“டாக்டர்” என்றேன். “அது வேணாம்.”

“எது சார்?”

“என் மச்சான் குடுத்தது. முடிஞ்சவரைக்கும் அது வேணாம். இதையே ஏத்துங்க.”

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன.

“உங்க மச்சான் குடுத்ததா? சார், அது எங்க போச்சோ யாருக்குத் தெரியும்? அவர் பேங்க்குக்குக் குடுத்தாரு, பேங்க் டெஸ்ட் பண்ணி அடுக்குல வெக்கும், தேவைப்படற யாருக்கோ போகும். உங்களுக்கு ஏற்கெனவே தயாரா இருக்கறதுல ரெண்டு குடுத்துருக்காங்க. அது யார் குடுத்ததுன்னு எனக்கே தெரியாது. எல்லாரும் இப்படித்தான் நினைச்சுக்கிறாங்க, அவங்க ஆளு ரத்தம் அவங்களுக்கே வரும்னு.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மனைவியும் மச்சானும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரும் வேறு மாதிரி நினைத்ததில்லை. மூட்டை உள்ளே வந்தால் சீட்டு ஒட்டுவோம், அந்தச் சீட்டோடுதான் வெளியே போகும். ரத்தத்துக்கும் அதே வழக்கம் என்று யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டேன். வராத ஒன்றைத் தடுப்பதற்காகச் சென்னையிலிருந்து மெஷின் வந்திருந்தது. வெட்கமோ சிரிப்போ வந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே இருந்த மரப்பு அன்று மேலேயும் ஏறியிருந்ததோ என்னவோ, “அப்படிங்களா” என்று மட்டும் சொன்னேன்.

முதல் கிண்ணம் ஒரு பையில் இறங்கி, வெள்ளை நிற பில்டர் ஒன்றின் வழியாக என் வலது கைக்கு வந்தது. கை ஜில்லென்றது. அன்று உடம்பில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். இரண்டாம் கிண்ணமும் நிரம்பியது. மூன்றாவது பாதியோடு நின்றுவிட்டது. நிரம்பாததைக் கழுவமுடியாது என்று அந்த அம்மாள் அதைக் குழாயோடு கழற்றிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார். பேங்க் ரத்தம் அன்று தேவைப்படவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு என்னை வெளியே கொண்டுவந்தார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ரத்தப் பரிசோதனையில் அளவு கம்மி என்று வார்டில் ஒரு யூனிட் ஏற்றினார்கள். மச்சான் அப்போது அறையில் இருந்தார். கம்பியில் தொங்கிய பையை அருகில் போய்ப் பார்த்தார். பி பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது. செல்போனை எடுத்துப் பையையும் என்னையும் சேர்த்து ஒரு படம், பையோடு தன்னையும் சேர்த்து ஒரு படம் பிடித்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டார். பதினெட்டுப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

“மாமா, எப்படி இருக்கு நம்ம சரக்கு?”

“நல்லாருக்கு” என்றேன். அவர் போனபிறகு மனைவியிடம் மயக்க மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அவங்கிட்ட சொல்லிடாதீங்க. சந்தோஷமா இருக்கான். சொல்லி என்ன ஆவப்போவுது?”

சரி என்றேன்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுநீர்க் குழாயை மூன்றாம் வாரம் எடுத்தார்கள். அதன் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முதல் காகிதம் வந்தபோது மனைவி எண்ணைக் கேட்கவில்லை. “ஒழுங்கா கழுவியிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டாள். கழுவியிருக்கிறார்கள் என்றேன். எனக்கு அதில் நிம்மதியும் வரவில்லை, பயமும் போகவில்லை. காகிதத்தை மடித்து வைத்தேன்.

ஜனவரியில் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்பென்னாத்தூரிலிருந்து மச்சான் வந்தார். உடல்நலம் விசாரிக்க உறவுக்காரர்கள் இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“அன்னிக்கு மாமா மூஞ்ச நீங்க பாக்கணுமே, சுண்ணாம்பு மாதிரி. டாக்டரே கைய விரிச்சுட்டான். நான் குடுத்தது ரெண்டு பாட்டில் உள்ள போச்சு பாரு, அப்புறம்தான் கண்ணத் தொறந்தாரு.”

“ஒண்ணு” என்றேன்.

“என்ன மாமா?”

“ரெண்டு இல்லை. ஒரு யூனிட்தான் ஏத்தினாங்க.”

“சரி, ஒண்ணு. ஆனா ஒண்ணுல பொழைச்சாருல்ல?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மூட்டை இரண்டு மூட்டையாக எழுதப்பட்டதைப் பார்த்தால் என்னால் மேலே படிக்கமுடியாது. திருத்த ஆரம்பித்தால் முழுதும் திருத்தவேண்டும். “அந்த ஒண்ணும் உன்னோடது இல்லை” என்றேன். பேங்க்கில் கொடுப்பது யாருக்கோ போகும், எடுப்பது யாருடையதோ என்று டாக்டர் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கோபம் எதுவும் இல்லை.

உறவுக்காரர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். மச்சான் சட்டைக் கையை மடித்து, அன்று ஊசி குத்திய இடத்தைப் பெருவிரலால் தேய்த்தார்.

“அப்ப என்னுது யாருக்குப் போச்சு?”

“தெரியாது.”

“ஆம்பளையா பொம்பளையா, அதுகூடத் தெரியாதா?”

“தெரியாது. சொல்லமாட்டாங்க.”

சமையலறை வாசலில் காபியோடு நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தட்டை டீப்பாய் மேல் வைத்த வேகத்தில் ஒரு டம்ளர் சாய்ந்தது.

“இதையும் சேத்துச் சொல்லுங்களேன். உங்களுக்கு எண்ணிக்கை சரியா இருக்கணும்ல? டேய் தம்பி, உன் ரத்தம் தன் உடம்புக்கு வேணாம்னுதான்டா இவரு மெட்ராஸ்லருந்து மெஷின் வரவழைச்சாரு. கேன்சர் திரும்பி வந்தாலும் பரவால்லை, நீ குடுத்தது ஆவாதுன்னு கையெழுத்துப் போட்டாரு.”

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் சொன்னதில் எண்ணிக்கைப் பிழை எதுவும் இருக்கவில்லை.

மச்சான் காபியைக் குடித்தார். முழுதும் குடித்து டம்ளரைத் தட்டிலேயே வைத்தார். உறவுக்காரர்களைப் பார்த்து, “கிளம்பலாமா, பஸ்ஸு போயிடும்” என்றார். மாட்டுப்பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியில்தான் வந்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று திரும்பினார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“அந்த மெஷினுக்கு எவ்ளோ ஆச்சு மாமா?” என்று கேட்டார்.

வாடகையும் அந்த அம்மாளின் கூலியும் சேர்த்து ஒன்பதாயிரம். கிண்ணமும் குழாய்களும் பதினோராயிரத்து நானூற்று எண்பது. பில்டர் மூவாயிரத்து இருநூறு. சென்னையிலிருந்து கார் வந்துபோனது நாலாயிரத்து ஐநூறு. அவர் கேட்டபடியே நின்றிருந்ததால் கூட்டிச் சொன்னேன்.

இருபத்தெட்டாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.